நர்ஸ் போட்ட வட்டம்

என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டத்துக்குத் தக்கபடி கண்ணாடியை ராவிப் பொருத்துவது அவள் வேலை. தலைமுடி அளவு பிசகினாலும் கழற்றி மறுபடி உட்கார்ந்துவிடுவாள். வாடிக்கையாளர்கள் அவளைக் கண்ணாடி டாக்டர் என்றார்கள். "டாக்டர்னு சொல்றீங்க, ஃபீஸ் மட்டும் தர மாட்டீங்க" என்பாள்.

அவள் போய் நாலு மாதம் ஆகிறது. தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

போன வாரம் அவள் தங்கை வந்தாள். கையில் ஒரு மருத்துவமனை ஃபைல். கல்யாணமாகி ஆறு வருடம். இப்போது அவளும் சோதனைக் குழாய் சிகிச்சையில் இறங்கப் போகிறாள்.

"மாமா, என்னென்ன நடக்கும்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. டாக்டர் வேகமா சொல்றாங்க, மண்டையில ஏறல."

சொன்னேன். மாதவிலக்கான இரண்டாம் நாள் ஸ்கேன். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் தினமும் ஊசி; அதை நாமே போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக மாதத்துக்கு ஒரு முட்டை வளரும். ஊசியால் பல முட்டைகள் வளரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் எடுத்து எத்தனை, என்ன அளவு என்று பார்ப்பார்கள். வயிறு உப்பும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். முட்டைகள் தயாரானதும் அவற்றை முதிர வைக்க ஒரு கடைசி ஊசி. அதிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். ஆய்வகத்தில் விந்தோடு சேர்த்து, கருவானால் சில நாள் வளர்த்து உள்ளே வைப்பார்கள். பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு.

"அந்த ரெண்டு வாரம்தான் கொடுமைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நாங்க அதுவரைக்கும் போகல."

"தெரியும் மாமா. அக்காவுக்கு முட்டை முதிரலைன்னு சொன்னாங்கல்ல. அதான் பயமா இருக்கு. ஒரே வயித்துல பொறந்தவங்க. எனக்கும் அப்படித்தான் இருக்குமோ? ஒருதடவை பார்த்துட்டு விட்றலாம்னு அவர் சொல்றாரு."

காபி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்தது. அப்போதும் அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

பத்து வருடம் முன்னால் எங்கள் சிகிச்சையில், கடைசி ஊசியை இடுப்புக்குப் பின்புறம் போட வேண்டும் என்றார்கள். தானே போட்டுக்கொள்ள எட்டாது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். பிறகு என் மனைவியின் இடுப்பில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "இந்த வட்டத்துக்குள்ள. ராத்திரி ஒன்பது மணி. முன்னயும் கூடாது, பின்னயும் கூடாது."

"ஒன்பதுன்னா ஒன்பது சிஸ்டர்" என்று மார் தட்டினேன்.

"பாத்து, ஆரஞ்சு மாதிரி உரிச்சுடப் போறீங்க" என்றாள் இவள். நர்ஸ் சிரித்தார்.

நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். அன்று மாலை வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். ஆய்வு நடக்கும்போது கைபேசியை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஏழரைக்கு மேலாளரிடம் போய், "சார், நான் கொஞ்சம் கிளம்பணும்" என்றேன்.

"உனக்கென்னப்பா அவசரம்? வீட்ல குழந்தையா குட்டியா? இருந்து முடிச்சுட்டுப் போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் போக வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மறுநாள் கேன்டீன் முழுக்க அதுதான் பேச்சு. மனைவிக்கு ஜுரம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுகூட வரவில்லை. திரும்பிப் போய் அட்டைகளின் கனத்தை அளந்தேன்.

வீட்டுக்குப் போனபோது பதினொன்றரை. கைபேசியில் அவளுடைய பதினேழு அழைப்புகள். பக்கத்து வீட்டில் மருந்துக்கடைக்காரர் இருந்தார். கதவைத் தட்டியிருந்தால் அவரே போட்டுவிட்டிருப்பார். ஆனால் சிகிச்சை விஷயம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவன் நான். ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். வட்டத்துக்குள் ஊசியைப் போட்டேன்.

"காலையில ஃபோன் பண்ணி லேட்டாப் போட்டோம்னு சொல்லிடுவோம். எடுக்கிற நேரத்தைத் தள்ளி வைப்பாங்க" என்றாள்.

"திட்டுவாங்க. அந்த சிஸ்டர் முகத்துல எப்படி முழிக்கிறது? கொஞ்சம் முன்ன பின்ன ஆனா குடி முழுகிடாது, விடு" என்றேன்.

முட்டை எடுக்கும் நாள் காலையில் நர்ஸ் பேனாவோடு வந்து கேட்டார்: "ஒன்பது மணிக்குத்தானே போட்டீங்க?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"கரெக்டா ஒன்பதுக்கு, சிஸ்டர்" என்றாள். தலைமுடி அளவு பிசகைப் பொறுக்காதவள், எனக்காக இரண்டரை மணி நேரத்தை விழுங்கினாள்.

ஸ்கேனில் முட்டை வளரும் பைகள் ஒன்பது தெரிந்திருந்தன. கிடைத்தது இரண்டே முட்டை, இரண்டும் முதிராதவை. எதுவும் கருவாகவில்லை. "சில பேருக்கு உடம்பு அப்படி" என்றார் டாக்டர். அந்த நாலு வார்த்தையை என் அம்மா பிடித்துக்கொண்டாள். "அவ உடம்பு அப்படின்னு டாக்டரே சொல்லிட்டாங்களே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சிகிச்சை தோற்ற பிறகு மட்டும் ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை போலும், நான் தடுக்கவில்லை. இன்னொரு தடவை போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "உடம்பு அப்படின்னுட்டாங்களே" என்றாள். கேலியாகச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா என்று நான் கேட்கவே இல்லை. நர்ஸ் போட்ட வட்டம் அழிய ஒரு வாரம் ஆயிற்று. உடை மாற்றும்போது அவள் சுவர்ப்பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

காபி இல்லாமலே திரும்பி வந்தேன். "உங்க அக்கா உடம்புல குறைன்னு சொல்ல முடியாதும்மா. ஊசியை நான் ரெண்டரை மணி நேரம் லேட்டாப் போட்டேன். டாக்டர்கிட்ட மறைச்சுட்டோம். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதனாலயும் இருக்கலாம்."

அவள் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் நர்ஸ்கிட்ட ஒன்பதுன்னு சொன்னா."

"நீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"பத்து வருஷம், மாமா. உங்க அம்மா பேசினப்பல்லாம் பக்கத்துலதான் நின்னீங்க."

அவள் ஃபைலைத் திறந்தாள். முதல் தாளில், குடும்பத்தில் யாருக்காவது குழந்தைப்பேற்றுச் சிக்கல் உண்டா என்ற கேள்விக்கு, "அக்காவுக்கு முட்டை முதிரவில்லை" என்று எழுதியிருந்தாள். ஒரே கோடாக அதை அடித்தாள். தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

"இதை நான் எழுத மாட்டேன். நீங்க எழுதுங்க."

ஒன்பது மணிக்குப் போட வேண்டிய ஊசி பதினொன்றரைக்குப் போடப்பட்டது, மருத்துவமனையில் சொல்லவில்லை என்று எழுதினேன். போட்டவர் யார் என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை. கீழே இடம் இருந்தது. அக்காவின் கணவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.