பின்னால் வந்த குரல்

திருமகளை மார்பில் தாங்கிய பெருமான் திருவடிகளே துணை.

அன்று பங்குனி உத்திரம். ஊரடங்கினால் பொம்மனஹள்ளிக் கோயிலின் நடை சாத்தியிருந்தது. ஆண்டுதோறும் சந்நிதியில் ஒரே குரலாகப் பாசுரம் சேவிக்கும் நாங்கள், அவரவர் வீட்டிலிருந்தே தொலைபேசியில் இணைந்து சேவிக்கத் தொடங்கினோம்.

முகங்கள் தெரியவில்லை, குரல்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதின. எது யாருடையது என்று பிடிபடவில்லை. ஒரு குரல் ஒவ்வோர் அடியிலும் பின்தங்கியது. அதைக் கேட்டுக் குழம்பி, எனக்கு அடுத்த அடியே மறந்துபோயிற்று.

“யாருங்காணும் இழுக்கிறது? காபி குடிச்சிண்டே சேவிக்கிறீரோ? போனை வையும்!” என்றேன்.

அனைவரும் நிறுத்தினர். “அடியேன்தான் ஸ்வாமி, வரதன். ஆஸ்பத்திரியில இருக்கேன். மூச்சு வாங்கறது. நீங்க போங்கோ, பின்னாலேயே வந்துடறேன்.”

எங்கள் கோஷ்டியிலேயே கணீரென்ற குரல் வரதனுடையது. அதை நான் அடையாளம் காணவில்லை! மன்னிப்புக் கேட்பதா, தேற்றுவதா என்று விளங்காமல், “நீர் முதலில் சொல்லும், நாங்கள் வருகிறோம்” என்றேன். அவர் ஓர் அடி சொல்வார், மூச்சு வாங்குவார். காத்திருந்து நாங்கள் தொடர்ந்தோம்.

பெருமான் அருளால் வரதன் பிழைத்தார். இன்று சந்நிதியில் அவர் குரலே முந்துகிறது. நானோ ஒவ்வோர் அடியின் முடிவிலும் என்னையறியாமல் நின்றுவிடுகிறேன்.

“யாருங்காணும் இழுக்கிறது?” என்று சிரிக்கிறார் அவர்.

அருகிலேயே நிற்பவருக்காக ஏன் இன்னும் காத்திருக்கிறேன்? எனக்கே புரியவில்லை.

இதைப் படிப்போர் யாவரும் மூச்சுக்குக் குறைவின்றிப் பல்லாண்டு வாழ்க.