சாரல் நிற்கக் காத்திருந்தவர்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். சீசன் நேரத்தில் சாரல் எப்போது நிற்கும் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். சிவகிரிப் பக்கத்துக்காரர். பாறை ஏறுவதுதான் தொழில். போட்டிகளுக்காக ஊர் ஊராகப் போகிறவர். எங்கள் மாடியிலிருந்து தெரியும் செங்குத்துப் பாறையில் ஏற வந்திருந்தார். அது காய்ந்தால்தான் ஏற முடியும்.

ஒல்லி உடம்பு; விரல்கள் மட்டும் முண்டு முண்டாக இருக்கும். அவரால் சும்மா உட்கார முடியாது. வானத்தைப் பார்ப்பார். பிடி வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்து, வாசல் நிலையின் மேல்விளிம்பில் விரல் நுனியால் தொங்குவார். இறங்கி மறுபடி வானத்தைப் பார்ப்பார்.

"எண்ணெ தேச்சு அருவியில குளிச்சிட்டு வாங்களேன்" என்றேன்.

"ஐயோ, விரல்ல எண்ணெ பட்டா பாறையில வழுக்கிரும் அண்ணாச்சி."

"போட்டியிலதான் ஜெயிக்கியளே, பெறவு இந்தப் பாறை எதுக்கு?"

"போட்டியெல்லாம் கட்டுன சுவத்துலதான். முடிஞ்சா அதுல மாட்டுன பிடியெல்லாம் கழட்டிருவாவ. நான் ஏறின வழியே இருக்காது. இது இங்கனயே கெடக்கும்லா? ஒரு தடவ விழாம ஏறிட்டா போதும்."

மறுநாள் காலை அடுத்த போட்டிக்குக் கிளம்பியாக வேண்டும். விடிந்தும் சாரல் நிற்கவில்லை; நனைந்துகொண்டே தென்காசி பஸ் ஏறினார்.

மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரே பாறை காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. சாரல் நின்றால் அறைகள் காலியாகிவிடும் என்பதால் வெயிலைத் திட்டுவது எங்கள் வழக்கம். அன்றும் மாடியில் நின்று திட்டினேன்.

"காலையிலேயே வந்து தொலைச்சா என்னவாம்?"