எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை

கடல் ஊருக்குள் வந்துபோன மறு ஞாயிறு எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை. ஆண்டின் முதல் ஞாயிறு எப்போதும் அதுதான். வாங்குகளில் பாதி காலி. வந்தவர்களில் பலர் யாரோ கொடுத்த, அளவு சரியில்லாத உடுப்போடு இருந்தார்கள். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று போதகர் சொன்னதும், பாடசாலை வாத்தியாரான நானும் எழும்பிப் போனேன். கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாரன்று என் மகளைக் கடற்கரைக்கு அனுப்பவேண்டாம் என்று கர்த்தர் என் உள்ளத்தில் பேசினார், நான் கீழ்ப்படிந்தேன், பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். "ஸ்தோத்திரம்" என்றது சபை. சிலர் அழுதார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில் அவளுடைய ஞாயிறு பாடசாலைச் சிநேகிதி இருந்தாள். நத்தார் இரவு அங்கே தங்கி, மறுநாள் அவர்களோடு ஆராதனைக்கு வருவதாகப் பேச்சு. புதுச் சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஒரு ராவுதானேப்பா."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம் எண்டா வேணாம்."

"உங்களுக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியா."

உண்மைதான். சண்டைக்கென்று பிள்ளைகளைத் தெருவில் வைத்தே இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஊரெல்லாம் பயந்திருந்த வருடம் அது. சுற்றுலாவுக்கு வேண்டாம், பாட்டுப் பயிற்சிக்கு வேண்டாம், தனியாகச் சைக்கிளில் வேண்டாம் என்று அந்த வருடம் முழுக்க நான் சொன்ன ஒரே சொல் அது. நத்தாரன்று சொன்னதும் அதே சொல். என் உள்ளத்தில் யாரும் பேசவில்லை. வழக்கமான பயம்தான் பேசியது.

மறுநாள் காலை சிநேகிதியின் தாய் மட்டும் ஆராதனைக்கு வந்தார். கணவர் வெளிநாட்டில். மகளைக் கேட்டதற்கு, "ராத்திரி முழுக்கப் பட்டாசு. நல்லாப் படுக்கிறா, விட்டுட்டு வந்தன்" என்று சிரித்தார். நடு ஆராதனையில், கடல் வருது என்று கத்திக்கொண்டு தெருவால் ஆட்கள் ஓடினார்கள். அந்தப் பிள்ளையைச் செவ்வாய்க்கிழமை வாவிக்கரையில் கண்டெடுத்தோம். வளர்ந்த ஆண்கள் நாலு பேர் அந்தச் சிறிய உடம்பைத் தூக்கத் தெரியாமல் நின்றோம்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். என் மகள் தப்பியதற்குக் காரணம் என் கோழைத்தனம் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு பெரிய சாவுக்கு முன்னால் காரணமும் பெரிதாக இருக்கவேண்டும் போலிருந்தது. நான் சாட்சி சொன்ன அன்று அந்தத் தாய் மூன்றாவது வாங்கில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்தார்.

"உங்கட புள்ளையாவது இரிக்காளே, சேர்."

நான் தலையாட்டினேன்.

சாட்சிக்குக் கால் முளைத்தது. போதகர் வேறு சபைகளிலும் அதைச் சொன்னார். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள்கூட என் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நத்தார்க் காலம் வந்தாலே வேதத்தில் ஒரே பக்கத்தைத்தான் திறப்பேன். பாலகனைக் கொல்ல ஏரோது ராஜாவின் ஆட்கள் பெத்லகேமுக்கு வருமுன் தூதன் யோசேப்பின் கனவில் வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்கிறான். யோசேப்பு ஓடுகிறான். மற்றப் பிள்ளைகள் சாகிறார்கள். சிறுவயதில் இதைக் கேட்டபோது தப்பிய பிள்ளையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மற்ற வீடுகள் கண்ணில் பட்டன. அந்தத் தகப்பன்மாரின் கனவில் ஏன் யாரும் வரவில்லை? யோசேப்பு போகிற வழியில் பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டினானா? எகிப்தில் இருந்தபோது ஊரிலிருந்து செய்தி வந்திருக்கும். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கியதா? சுவிசேஷத்தில் அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

போதகரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "அதெல்லாம் தேவ ரகசியம் பிரதர். நாங்க கேட்டுக் காணேலாது" என்றார். பொங்கும் பானைக்கு மூடி போட்டது போலிருந்தது. ஆனால் அவரைக் குறைசொல்ல நான் யார்? வேதம் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் நான் ஒரு பொய்யை எழுதி வைத்திருந்தேன்.

சண்டை முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்திய மாதம், சபையில் பாதிப்பேர் வன்னியிலிருந்து செய்தி வருமா என்று காத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு, எங்கள் சபைக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். அவருடைய தங்கை பிள்ளைகளோடு உயிரோடு முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள். பங்கர்க் குழியை விட்டு வெளியே போ என்று ஒரு குரல் கேட்டதாம். வெளியே வந்ததும் அதில் ஷெல் விழுந்ததாம். ஸ்தோத்திரம் என்றது சபை. உள்ளே வேறு யாரும் இருந்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகளின் சிநேகிதியைப் பறிகொடுத்த அந்தத் தாய் எழும்பி வெளியே போனார். எனக்கு இருக்க முடியவில்லை. பின்னால் போனேன். வாசலடிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சேர், உங்களுக்குக் கர்த்தர் சொன்ன நேரம் அது எப்பிடி இருந்த? சத்தமா, சும்மா ஒரு நினைப்பா?"

"ஏன் தங்கச்சி?"

"அண்டைக்குக் காலம நான் வெளிக்கிட்டு கதவடியில நிண்டன். இவள எழுப்பிக் கூட்டிப் போவமா எண்டு ஒரு நினைப்பு வந்த. மறுகா, பாவம், படுக்கட்டும் எண்டு விட்டன். உங்களுக்குச் சொன்னமாதிரி எனக்கும் சொல்லித்தான் இரிக்கார் போல. நீங்க கேட்டீங்க. நான் கேக்கல்ல."

நாலு வருடத்துக்கும் மேலாக அவர் அந்தக் கதவடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். நிறுத்தி வைத்தது நான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "அதெல்லாம் தேவ ரகசியம் தங்கச்சி." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாட்டுப் புத்தகத்தை விரித்தேன்.

அந்தக் கிழமை எனக்குச் சாப்பாடு செல்லவில்லை. பாடசாலையில் ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டு முறை பிழையாகச் செய்தேன். வியாழக்கிழமை பின்னேரம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்திலிருந்து தலையெடுக்காமலே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்பா. வேணாம் எண்டு சொன்ன நேரம் நான் முன்னாலதானே நிண்டன்? சாமி பேசின மூஞ்சையா அது?"

"அப்ப ஏன் நீ ஒண்டும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்லுற? காணுற ஆக்களெல்லாம் உன்ன எதுக்கோ வச்சிரிக்கார் எண்டுறாங்க. எதுக்கெண்டு நான் எங்க போய்த் தேட? போய் அவவுக்குச் சொல்லுங்க. நானும் வாறன் எண்டு மட்டும் நினைக்காதீங்க."

தன்னாமுனைப் பக்கம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவர் இருந்தார். அடுத்த நாள் போனபோது முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இரிங்க சேர்" என்று கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒரு குரலும் கேட்கவில்லை, பயத்தில் வேண்டாம் என்றேன், சபையில் சொன்னது பொய்.

அவர் கை கீரையிலேயே இருந்தது.

"அப்ப உங்களுக்கும் சொல்லல்லையா?"

"இல்ல."

"முந்தி, என்னோட இல்லாட்டியும் ஆரோடயோ பேசினவர் எண்டு ஒரு இது இருந்த, சேர். அதையும் கொண்டுபோறீங்க."

நான் நினைத்துப் போனது வேறு. உண்மையைச் சொன்னால் அவருக்குப் பாரம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"கதவடியில எனக்கு வந்த நினைப்பு? அது அவரில்லைத்தானே? சும்மா நினைப்புத்தானே?"

ஓம் என்று சொல்லிவிடலாம். அவர் கண்கள் அதைத்தான் கேட்டன. சொல்லியிருந்தால் அன்றிரவு அவர் தூங்கியிருக்கவும் கூடும். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக ஒருமுறை சொன்னதற்குத்தானே அங்கே வந்து நின்றேன்.

"தெரியா தங்கச்சி. எனக்கு நடந்தது மட்டும்தான் தெரியும். உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியா. ஆனா ஒரு தாய் புள்ளையப் படுக்க விட்டது குற்றமில்ல. அதுமட்டும் தெரியும்."

கீரையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். பிறகு, "படிச்ச மனிசன். இவ்வளவு காலமும் எல்லாம் தெரிஞ்சமாதிரித்தானே திரிஞ்சீங்க" என்றார். குரலில் கோபம் இருந்தது. ஏளனமும் இருந்தது. "ஊருக்குச் சொன்னதை ஊருக்குத்தான் சொல்லோணும். எனக்குச் சொல்லிப்போட்டுப் போனாப் போதுமா?"

ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பினேன். முதல் வசனத்திலேயே சபையில் செருப்புகள் உரசும் சத்தம் கேட்டது. கர்த்தர் என்னோடு பேசவில்லை, பேசினார் என்று நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் ஏன் பேசவில்லை, யாரோடாவது பேசினாரா என்பது எனக்குத் தெரியாது என்றேன். இன்னும் விசுவாசிக்கிறீர்களா என்று யாராவது கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். கேட்கவில்லை. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் அவசரமாகப் பாட்டின் இலக்கத்தைச் சொன்னார்.

எல்லோரும் எழும்பிப் பாடினார்கள். அந்தத் தாய் மட்டும் எழும்பவில்லை. கையை மடியில் வைத்தபடி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வாங்கிலிருந்து என் மகள் போய்ப் பக்கத்தில் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாட்டு முடியும் மட்டும் இருவரும் இருந்தபடியே இருந்தார்கள். அவர் அங்கே ஜெபித்தாரா, என்னைச் சபித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை.