எட்டு மில்லிமீட்டர் இடைவெளி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் சிங்காநல்லூரில் நடந்தது இது. பிள்ளைகள் படிக்கிற பக்கம் என்பதால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்கிறேன்.

தோட்டத்துப் பம்ப் மோட்டாரைத் தானாக ஓட்டி, தானாக நிறுத்தும் பெட்டிகளைச் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். தொட்டிக்குள் ஸ்டீல் கம்பிகள் தொங்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அவைதான் பெட்டிக்குச் சொல்லும். குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். பெட்டிக்குள் ஒரு போர்டு இருக்கும். அதில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும், பிறகு சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. நான் பத்தாவது முடித்து ஐடிஐ படித்தவன். பதினெட்டு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் முதலாளி ஒரு பெண் இன்ஜினியரை வேலைக்கு எடுத்தார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். நான் அவரை அம்மணி என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணா என்பார். வந்த நான்கு மாதத்தில் பழைய போர்டையே மாற்றிப்போட்டார். பழையதில் கனமான ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதை எடுத்துவிட்டு, நகக்கண் அளவில் ஒரு புது ஐசியை, அதாவது ஒரு சிப்பை, வைத்தார். கருப்பு நிறம், இரண்டு பக்கமும் பூரான் மாதிரி கால்கள். பெட்டி பாதி எடைக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் பத்து போர்டுகள் என் மேசைக்கு வந்தன. எந்தப் போர்டு வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். மீட்டரின் ஒரு முள்ளை ஓர் ஓரத்துக் கிரவுண்டில் வைப்பேன், இன்னொரு முள்ளை அடுத்த ஓரத்துக் கிரவுண்டில் வைப்பேன். கிரவுண்ட் என்பது போர்டில் எல்லா மின்சாரமும் திரும்பி வந்து சேரும் பொதுவான வழி. அது ஒரே வழியாக இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். பதினெட்டு வருடமும் கத்தியிருக்கிறது. இந்தப் போர்டில் கத்தவில்லை. உற்றுப் பார்த்தேன். புது ஐசிக்கு அடியில் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் போர்டில் செம்புப் பூச்சே இல்லை. இந்தப் பக்கத்துக் கிரவுண்டும் அந்தப் பக்கத்துக் கிரவுண்டும் சேரவே இல்லை. பத்துப் போர்டும் அப்படித்தான்.

பாவம், அம்மணி போர்டை வரையும்போது விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அவருடைய அறை பத்தடி தூரத்தில்தான். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவருடைய தவறை முகத்துக்கு நேராகச் சொல்வதை மரியாதை இல்லாத காரியமாக நினைப்போம். புதிதாக வந்த பெண், முதல் போர்டு, முதலாளியும் பக்கத்திலேயே இருக்கிறார். நான் போய்ச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் சத்தமில்லாமல் நானே சரிசெய்துவிட்டேன். வெட்டிப்போட்ட துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி, பத்துப் போர்டிலும் இரண்டு கிரவுண்டையும் சேர்த்துப் பற்றவைத்தேன். மீட்டர் கத்தியது. பக்கெட் தண்ணீரில் ஸ்டீல் கம்பிகளை விட்டுச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடின. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அதில் ஒரு பெட்டியை மறுநாள் அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் நானே போய்ப் பொருத்திவிட்டு வந்தேன். மாடுகள் தண்ணீர் குடிக்கும் சிமெண்டுத் தொட்டி அது.

இரண்டு நாள் கழித்து, உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் பெட்டி வாங்குவது பற்றிப் பேச வந்திருந்தார். இன்ஜினியர் ஒரு வெறும் போர்டையும் ஓர் ஐசியையும் எடுத்து அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் என் மேசையில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இக்கட்ட வீட்டுக் கரண்ட்டுங்க, அக்கட்ட தொட்டித் தண்ணிங்க. ரெண்டுக்கும் நடுவுல இந்த எட்டு மில்லிமீட்டர்ல ஒண்ணுமே இல்ல பாருங்க. கம்பியே தொடாம இந்த ஐசி மட்டும் சேதிய அக்கட்ட தாட்டி உடும். ரெண்டும் தொட்டுச்சுன்னா தண்ணியில கரண்ட் எறங்கீரும். இதுக்குத்தானுங்க இந்த ஐசியே" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. பழைய போர்டில் தண்ணீரையும் கரண்டையும் பிரித்துவைத்தது அந்தக் கனமான டிரான்ஸ்பார்மர். அது போன பிறகு, அந்த வேலையைச் செய்தது அந்தக் காலி இடம். அதைத்தான் நான் அடைத்துவைத்திருந்தேன். பட்டறையில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், இங்கே பிளக்கில் கரண்ட் வரும் பேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் சரியான இடத்தில் இருந்ததுதான். தோட்டத்து லைனில் அவை இடம் மாறிக் கிடப்பது சகஜம்; மாறினால் நான் சேர்த்த கம்பி வழியாகக் கரண்ட் நேரே தண்ணீருக்குப் போய்விடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே நான் எழுந்திருக்கவில்லை. வாங்க வந்தவர் முன்னால் இதைச் சொல்வதா என்று ஒரு டம்ளர் டீ ஊற்றும் நேரம் யோசித்தேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு எழுந்து போய், "அம்மணி, நான் பத்துலயும் கிரவுண்டச் சேத்திப்போட்டேனுங்க. ஒண்ணு அன்னூர்ல ஓடீட்டிருக்குது, மீதி இங்கதான் இருக்குது" என்றேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மொதல்ல போனப் போடுங்கண்ணா" என்றார்.

இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாவது முறை தோட்டக்காரரின் மனைவி எடுத்தார்.

"ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?"

"சாப்டாச்சுங்க. அம்மா, தொட்டிப் பக்கம் போயிராதீங்க."

"ஏனுங், நீங்க சொல்றதுக்கு முன்னயே எருமை சொல்லிருச்சுங்க. பெட்டி மாட்டுன மக்யா நாள்ல இருந்து வாய வெக்க மாட்டீங்குது. கிட்டப் போயிப் போயிப் பின்னால வருது. தண்ணி கெட்டுப்போச்சாட்ட இருக்குது, எறங்கிக் கழுவி உடலாம்னு இப்பத்தான் சேலையத் தூக்கிச் சொருகுனேன், போன் அடிச்சிருச்சுங்க."

இன்ஜினியர் என் கையிலிருந்து போனை வாங்கி, செருப்புப் போட்டுக்கொண்டு போய் மோட்டார் ரூமில் மெயினை இறக்கச் சொன்னார். அந்த அம்மா இறக்கிவிட்டுத் திரும்பி வந்து சொல்லும்வரை போனை வைக்கவே இல்லை.

"எறக்கிட்டேனுங்க" என்று குரல் வந்த பிறகுதான் உடுமலைக்காரர் வாயைத் திறந்தார். "எங்க தொட்டியில மீன் உட்டிருக்கறனுங்க. நீங்க பெட்டி மாட்டுனா வறுத்தே எடுத்துக்கலாமாட்ட இருக்குது" என்றார். அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நானும் இன்ஜினியரும் பைக்கில் அன்னூர் போனோம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் ஒரு நிமிடம் மெயினை ஏற்றி, டெஸ்டரைத் தொட்டித் தண்ணீரில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெயினை இறக்கி, போர்டை வெளியே எடுத்து, நான் பற்றவைத்த துண்டுக் கம்பியை உருக்கி எடுத்தார். மறுபடி மெயினை ஏற்றியபோது டெஸ்டர் எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எருமை வந்து குடித்தது. அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். என்ன நடந்தது என்று நானே அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்பும் வழியில்தான் இன்ஜினியர் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்கண்ணா?"

"நீங்க தப்புப் பண்ணீட்டீங்கன்னு நெனச்சேனுங்க. சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்."

"நான் தப்புப் பண்ணியிருந்தாலும் கேக்கோணுமுங்கண்ணா. அப்பத்தான் இன்னும் கண்டிப்பாக் கேக்கோணும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை. ஆனால் அடுத்த போர்டில் அந்தக் காலி இடத்தின் மேல், 'இங்கே சேர்க்கக் கூடாது' என்று தமிழிலேயே அச்சடித்து வரவைத்தார். உடுமலைக்காரர் ஒரு மாதம் கழித்து வந்து இரண்டு பெட்டி வாங்கிப் போனார்.

பிள்ளைகளே, வகுப்பில் உங்களுக்கு ஒன்று புரியாமல் போகலாம், இல்லை எதிரில் இருப்பவர் தவறு செய்ததாகத் தோன்றலாம். அப்போது கேட்டுவிடுங்கள். கேட்டால் நம் முகமோ அவர் முகமோ கொஞ்ச நேரம் சுருங்கும், அவ்வளவுதான். நான் மரியாதை என்று நினைத்து விழுங்கிய ஒரே ஒரு கேள்வி, எனக்கு மோர் கொடுத்த அந்த அம்மாவின் உயிரைக் கேட்டிருக்கும் என்பதை ஒவ்வொரு போர்டைக் கையில் எடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.