வலது கை நீண்ட ஸ்வெட்டர்

தியேட்டரில் எல்லாருக்கும் அவர் டிக்கெட் அக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டால் முடிந்துபோகிற சின்ன அறை அவருடையது. ஏ.சி. குழாயின் வாய் அவருடைய பிடரிக்கு நேர் மேலே இருந்தது. படம் பார்க்க வருகிறவர்கள் வெளியே வியர்த்துக்கொண்டு நிற்பார்கள், உள்ளே அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு இருப்பார். குழாயைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகுதான் அவர் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். படம் தொடங்கிவிட்டால் அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரும்வரை வேலை இல்லை. இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும் இருந்தால் அந்த நேரம் போவதே தெரியாது.

நூல்தான் பிரச்சினை. பேருந்து நிலையத்துக்கு எதிரே வளையலும் பொத்தானும் விற்கும் கடையில் மலிவாக ஆக்ரிலிக் நூல் கிடைக்கும். வாங்கும்போது பளபளவென்று இருக்கும். இரண்டு முறை துவைத்தால் முழங்கையெல்லாம் பொரிப் பொரியாக உருண்டு நிற்கும். சூடும் தராது. பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்பார் அக்கா. ஆனாலும் வேறு நூலைப் பற்றி அவருக்குத் தெரியாததால் அதையே பின்னிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பெருக்குகிறவர் நாற்காலிக்கடியில் கிடந்த கழுத்துத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். யாராவது தேடி வந்தால் கொடுத்துவிடச் சொல்லிப் போனார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். எடையே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் பூனை வந்து படுத்துக்கொண்டதுபோல மடி சூடானது. விரித்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் முகர்ந்தும் பார்த்தார். மறுநாள் துண்டுக்காரர் வந்தபோது, கொடுக்கும் முன்னால் இது என்ன நூல் என்று கேட்டுவிட்டார். சுத்தமான ஆட்டுக் கம்பளி என்றார் அவர்.

அந்த வாரமே அக்கா கடைத்தெருவின் பெரிய நூல் கடைக்குப் போனார். கண்ணாடி அலமாரியில் உருண்டைகள் நிறம் நிறமாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி விலையைப் பார்த்தார். ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை உருண்டை வேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டார். பாதிச் சம்பளம் போய்விடும். உருண்டையை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, பொத்தான் பார்க்க வந்தவர்போல நடந்து, ஒரே ஒரு பொத்தானை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்கிப் போட்டவர்கள், பழசானதும் அதை என்ன செய்வார்கள்?

அக்காவின் நாத்தனாரும் அதே வீட்டில்தான் இருந்தாள். அக்காவின் கணவருக்குத் தங்கை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தொளதொளவென்று இருக்கும் துணிகளைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. சந்தின் கோடியில் பழைய துணிக் கடை ஒன்று இருக்கிறது, ஸ்வெட்டர்களை எடை போட்டுத் தருவார்கள், வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாமே என்றாள். பின்னல் என்பது ஒரே நூல்தானே, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடாதா என்று அக்காவும் நினைத்தார்.

முதலில் வாங்கிய ஸ்வெட்டர் பிரிந்து வரவில்லை. இழுக்க இழுக்க முழ நீளத்துக்கு ஒரு துண்டாக அறுந்து அறுந்து விழுந்தது. மாலைக்குள் கூடம் முழுக்கச் சேமியா கொட்டியதுபோல ஆகிவிட்டது. நாத்தனார் வந்து ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஓவர்லாக் அண்ணி. துணியா பின்னி, வெட்டி, அப்புறம் சேர்த்துத் தச்சிருக்காங்க. ஒவ்வொரு வரியும் ஓரத்துல அறுந்துதான் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

இரண்டாவது முறை அக்கா ஓரம் பார்த்து வாங்கினார். அது வெந்நீரில் துவைத்துத் துவைத்து அட்டைபோல இறுகிப்போன ஸ்வெட்டர், பின்னல் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. அதை வெட்டிச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாக்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை நூல் சரசரவென்று வந்தது, ஆனால் அது கம்பளியே இல்லை. அது எப்படித் தெரிந்தது என்றால், அக்கா ஒரு துண்டு நூலை அடுப்பில் காட்டிப் பார்த்தார். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தேய்த்தால் பொடியாகும். இது உருகிக் கறுப்பு மணியாகி நின்றது. அன்றிலிருந்து எந்த ஸ்வெட்டரைக் கண்டாலும் ஓரத்தில் ஒரு இழை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பழைய துணிக் கடைக்கார அம்மாவே ஒரு நாள் பொறுக்க முடியாமல் தீப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

போகப் போக நல்ல நூல் சேர ஆரம்பித்தது. பிரித்த நூல் நூடுல்ஸ்போலச் சுருண்டு வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கொடியில் தொங்கவிட வேண்டும். சுருள் போவதற்குக் கீழே கனம் கட்ட வேண்டும். அக்காவின் கணவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அவருடைய பித்தளைக் குழாய்கள் எல்லாம் கொடியில் நூலோடு தொங்கின. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொடிக்குப் போய்த் தன் சாமான்களை அவிழ்த்துக்கொள்வார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடைத்தது. மெஷினில் பின்னியதில்லை, கையால் பின்னியது. நல்ல கம்பளி. அக்காவுக்குக் கை பரபரத்தது. தோள் தையலைப் பிரித்து இரண்டு கைகளையும் தனியே எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். வலது கை நாலு விரல் நீளமாக இருந்தது.

"தூக்கத்துல பின்னிருப்பாங்க," என்றாள் நாத்தனார்.

அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து மேலே போகப் போகக் கை அகலமாக வேண்டும், அதற்கு இடையிடையே கண்ணி கூட்டுவார்கள். இடது கையில் கண்ணி கூட்டிய இடங்கள் நெருக்கமாக இருந்தன. வலது கையில் அவையே கொஞ்சம் தள்ளித் தள்ளி, ஒரே சீராக இருந்தன. பின்னியவருக்குத் தொடங்கும்போதே தெரிந்திருக்கிறது, இந்தக் கை நீளமாக வேண்டும் என்று. இன்னொன்றும் இருந்தது. அந்த நீளமான கையின் வெளிப்பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் அடர்ந்த சாம்பல் நிறம்.

போட்டவருக்கு ஒரு கை குட்டையோ என்று நாத்தனார் கேட்டாள். கை குட்டை என்றால் ஒரு பக்கம் வெளுப்பானேன் என்றார் அக்கா. நூலைப் பிரிக்கவே அவருக்கு மனம் வரவில்லை. பிரித்துவிட்டால் தெரிந்துகொள்ளவே முடியாதே. இரண்டு வாரம் ஸ்வெட்டர் மேசைமேலேயே கிடந்தது. டிக்கெட் வாங்க நீளும் கைகளையெல்லாம் அக்கா கண்ணாடி வழியே அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பழைய துணிக் கடைக்கே போய்க் கேட்டார். மூட்டை மூட்டையாக வருவதில் யார் எவர் என்று எப்படித் தெரியும் என்று கடைக்கார அம்மா முதலில் கையை விரித்தார். பிறகு ஸ்வெட்டரைப் பார்த்ததும், இது மூட்டையில் வந்ததில்லை, ஒருவர் நேரே கொண்டுவந்து கொடுத்தது, டவுன் பஸ் டிரைவர், தெருமுனையில்தான் வண்டியை நிறுத்துவார் என்றார்.

அக்கா தெருமுனைக்குப் போனார். பஸ் நின்றுகொண்டிருந்தது. பயணிகள் யாரும் இன்னும் ஏறவில்லை. டிரைவர் தன் இருக்கையிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் கையை ஊன்றிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். பெரிய ஆள், பெரிய வயிறு. அக்கா பையிலிருந்து ஸ்வெட்டர் கையை எடுத்துக் காட்டியதும் ஊசியை நிறுத்திவிட்டார்.

"இது என்னோடதாச்சே. ஏம்மா, பூச்சி கீச்சி அரிச்சிருந்ததா?"

"இல்லண்ணே. நூல் தங்கம் மாதிரி இருக்கு. வலது கை மட்டும் ஏன் நீளம்? அது தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

டிரைவர் ஊசியை மடியில் வைத்தார். வலது கையை மடக்கி ஜன்னல் விளிம்பில் முழங்கையை வைத்துக் காட்டினார். சட்டைக் கை சர்ரென்று மேலே ஏறி, மணிக்கட்டு முழுக்க வெளியே தெரிந்தது.

"நாள் பூரா கை இப்படித்தான் இருக்கும். காலையில காத்து மணிக்கட்டுல ஊசி மாதிரி குத்தும். கையுறை போட்டா ஸ்டியரிங் வழுக்கும். அதான் நாலு விரல் கூடப் போட்டுக்கிட்டேன்."

வெளுப்பு எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்கவே தேவையில்லை. மதிய வெயில் அதே ஜன்னல் வழியாக அதே கைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதானா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மனிதர் தன் உடம்பை இத்தனை கவனித்துத் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாரே என்பதில் ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது. கால் உடைந்து படுத்திருந்த மாதங்களில் பின்னக் கற்றுக்கொண்டதாக டிரைவர் சொன்னார். ஸ்வெட்டரை ஏன் கொடுத்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிரித்துக்கொள்ளவா என்று அக்கா கேட்டார். தாராளமாக, அது கடையில் கிடப்பதைவிட உங்கள் மேல் இருக்கட்டும் என்றார்.

கிளம்பும்போது அக்கா இன்னொரு கேள்வி கேட்டார். டிரைவர் சம்பளத்தில் இந்த நூல் எப்படிக் கட்டுப்படியானது?

டிரைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அவருடைய பஸ் போகும் வழியில் நூல் மில் ஒன்று இருக்கிறது. ஆர்டர் முடிந்து மிஞ்சும் கோன்களை, அதாவது கூம்பில் சுற்றிய நூலை, மில் வாசலுக்கு அருகில் ஒரு அறையில் வைத்து எடைக்கு விற்பார்கள். கடை உருண்டையில் கால்வாசி விலைகூட ஆகாது. ஆனால் முழுக் கோனாகத்தான் தருவார்கள், அது ஒருவருக்கு அதிகம். நூல் மெல்லிசு, மூன்று இழை சேர்த்துப் பின்ன வேண்டும். எண்ணெய் நாற்றம் வேறு அடிக்கும். கூட்டு சேர ஆள் இல்லாமல்தான் அவரும் போவதை விட்டிருந்தார்.

அடுத்த விடுமுறையில் மூன்று பேரும் போனார்கள். நாத்தனாரும் வந்தாள், ஓரம் பார்க்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று. மிஞ்சியது என்றால் யாருக்கும் பிடிக்காத நிறம் என்று அங்கே போனபோதுதான் புரிந்தது. சுத்தமான கம்பளி இருந்தது. மாம்பழ மஞ்சளில் மட்டும் இருந்தது. அக்கா வாசலுக்கு வந்து ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்தார். முடி கருகும் நாற்றம் அடித்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிறம் கண்ணுக்குத்தானே, உடம்புக்கு என்ன என்றார் டிரைவர். வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அதைப் பங்கு போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சமையலறைத் தராசில் உருண்டையை வைப்பதும் எடுப்பதுமாக அக்கா இருந்தார். டிரைவர் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டார், அவர் கைகளிலேயே நூலைச் சுற்றினார்கள். மூக்கு அரித்தபோது, சொறிந்துவிடச் சொல்லி நாத்தனாரைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அவளோ, அண்ணன் தங்கை உறவெல்லாம் மூக்குவரை கிடையாது என்று சொல்லிவிட்டாள். அக்காவின் கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் பித்தளைக் குழாய்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

துவைத்ததும் எண்ணெய் போய் நூல் மலர்ந்தது. நூல் ஊதிக்கொண்டு இருமடங்கு தடிமனாகும் என்று டிரைவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆனால் அது நிஜம்தான். குளிர் தொடங்கும்போது மூன்று ஸ்வெட்டரும் தயாராகிவிட்டன. அக்கா தன்னுடையதில் கழுத்தைப் பிடரிவரை உயர்த்திப் பின்னியிருந்தார், ஏ.சி. குழாய்க்காக. தையல் மெஷினில் மாட்டிக்கொள்ளாமலிருக்க நாத்தனார் கைகளை முழங்கையோடு நிறுத்தியிருந்தாள். டிரைவருடையதில் வயிற்றுக்குத் தனியாக இடம் விட்டிருந்தது.

அந்தத் தெருவில் காலை நேரத்தில் மாம்பழ மஞ்சளில் மூன்று பேர் போவதைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி யூனிஃபார்ம் என்று ஒருவர் டிக்கெட் வாங்கும்போதே அக்காவிடம் விசாரித்தார். ஆள் எடுக்கிறார்களா என்றும் கேட்டார்.

"எடுக்கறாங்க," என்றார் அக்கா. "பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது, ஆனால் கற்றுக்கொள்ளலாம் என்றார் அவர். அவருடைய பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் அக்கா. அடுத்த கோன் பச்சையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் வைத்தார்.