ஹர்த்தால் நாளில் குறைந்த ஓடுகள்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சந்தனமாரியின் சாயாக்கடை ஒரு பழைய பாண்டிகசாலையின் முன்பக்கத்தில் இருந்தது. மிளகையும் சுக்கையும் மூட்டை மூட்டையாக அடுக்கிவைக்கும் பெரிய கிட்டங்கியைத்தான் அங்கே பாண்டிகசாலை என்பார்கள். பின்கதவைத் திறந்தால் காயல், கடலோடு சேரும் உப்பங்கழி. வள்ளத்திலிருந்து சரக்கை நேராக உள்ளே இறக்கலாம். ரோட்டைப் பார்த்து நான்கு சின்ன அறைகள். ஒன்றில் சந்தனமாரி. மற்ற மூன்றில் சாக்கு தைக்கிற கடை, தராசு ரிப்பேர் கடை, கயிற்றுக்கடை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஓட்டுக்கூரை.

அவள் யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பால் வந்தால் விரலை விட்டுப் பார்ப்பாள். சிரித்துப் பேசுகிற ஆளைக் கண்டால், இவனுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்த அவள் புருஷன் தங்கையா, "பொண்ணு பாக்கப் போனப்பவே என்னைப் போலீஸ்காரி மாதிரிதான் பாத்தா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மிளகுக்கு நல்ல விலை இருந்தது. காலையில் சுமை தூக்குகிறவர்களும் மிளகு புடைக்கிற பெண்களும் அவள் பெஞ்சில் இடமில்லாமல் ரோட்டில் நின்று சாயா குடிப்பார்கள். பிறகு வெளிநாட்டு மிளகு மலிவாக வந்து இறங்கியது. விலை சரிந்தது. பஜார் ரோட்டில் ஒவ்வொரு கம்பெனியாகக் கதவைச் சாத்தியது. இரண்டாயிரத்தொன்றில் பாண்டிகசாலையிலிருந்த கம்பெனியும் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தின்ன ஒன்றுமில்லாமல் உள்ளேயிருந்த எலிகளெல்லாம் சந்தனமாரியின் கடைக்குக் குடிவந்தன. முறுக்கு டப்பாவின் மேல் கல்லைத் தூக்கி வைக்கவேண்டியதாயிற்று.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் பம்பாயில் இருந்தார்கள். அவர்களுக்காகச் சாவியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் வெங்கிட்டு. பாலக்காட்டுக்காரர், அறுபது வயதிருக்கும். மழையானாலும் வெயிலானாலும் கையில் குடை இருக்கும். வாடகை வாங்க வரும்போது எல்லார் வீட்டுச் சமாசாரத்தையும் பிரியமாக விசாரிப்பார். அதனாலேயே சந்தனமாரிக்கு அவரைப் பிடிக்காது.

மறுவருஷம் மழை தொடங்கியபோது சாக்குக்கடைக்குள் தண்ணீர் கொட்டியது. மேலே பார்த்தால் ஓடு இல்லை. உடைந்து விழவும் இல்லை. இருந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். வெங்கிட்டு வந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "களவு போறது. பூட்டிக்கிடக்கற கட்டடம்னா கள்ளனுக்குக் கேக்கணுமா?" என்றார். தார்ப்பாய் போடச் சொல்கிறேன் என்று போனவர் போடவில்லை. சாக்குக்கடைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலி செய்தார். அடுத்தது தராசுக்கடைக்கு மேலே ஓடு குறைந்தது.

பாண்டிகசாலை வாசலில் அப்போது வீரபாண்டி என்பவன் பகலெல்லாம் படுத்துக்கிடப்பான். சுமை தூக்கிக்கொண்டிருந்தவன். கம்பெனி போனதும் வேலை போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி அம்பிளி முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று இங்கே வந்து படுத்துக்கொள்வான். சந்தனமாரியை அக்கா என்று கூப்பிடுவான். தண்ணீர் எடுத்துக் கொடுப்பான், விறகு பிளந்து கொடுப்பான். கேட்காமலே செய்கிறானே என்று அவளுக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் அம்பிளிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சந்தனமாரி கஞ்சி கொண்டுபோனாள். வீட்டு வாசலில் பழைய ஓடுகள் அடுக்கியிருந்தன. பாசி பிடித்த, கனமான, பெரிய ஓடுகள். அந்த மாதிரி ஓடு அந்தத் தெருவில் வேறெந்த வீட்டிலும் கிடையாது. அம்பிளியிடம் ஒன்றும் கேட்காமல் கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அந்த வாரமே வெங்கிட்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு, "மாரி, நீ கண்ணும் காதும் உள்ளவள். நோக்கு யார் மேலயாவது சம்சயம் உண்டோ?" என்று கேட்டார்.

"எனக்கு எல்லார் மேலயும் உண்டு சாமி."

"அப்படிச் சொன்னா எப்படி? இந்த வாசல்லயே ஒருத்தன் கிடக்கறானே, அவன் எப்படி?"

சந்தனமாரி கிளாசைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். பார்த்ததைச் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றியது. சொன்னாள்.

மறுநாள் போலீஸ் வந்து வீரபாண்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் சுமைக்காரர் யூனியன்காரர்கள் போய் அழைத்து வந்தார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கன்னம் வீங்கியிருந்தது. அவன் நேராகக் கடைக்கு வந்தான். உள்ளே ஏறாமல் ரோட்டிலேயே நின்றான்.

"அக்கா, நீங்களா சொன்னது?"

"பாத்ததைச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பானா என்று அப்போதும் அவளுக்குள் ஓடியது. இரண்டு மூன்று நாளில் அவன் வீட்டைக் காலிசெய்து அம்பிளியோடு களமசேரிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். ஓட்டுக் கள்ளன் என்று தெருவில் பெயராகிவிட்டது.

தராசுக்கடையும் போனது. கயிற்றுக்கடைக்காரர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். தராசுக்கடைக்கு மேலிருந்த ஓட்டையிலிருந்து ஒரு மழையில் தண்ணீர் வழிந்து கயிறெல்லாம் ஊறிப் பூசணம் பிடித்ததும் அவரும் பூட்டிவிட்டார். வரிசையில் சந்தனமாரியின் கடை மட்டும் மிச்சம். இரண்டு பக்கமும் பூட்டுத் தொங்கும் பலகைக் கதவுகள். ரோட்டில் ஒரு ஆள் நடந்துபோனால் காலடிச் சத்தம் மூலைவரைக்கும் கேட்கும். எதிர்வரிசையிலும் அப்படித்தான். பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அதற்குப் பின்னாலிருந்து யாரோ நம்மைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று தங்கையாவிடம் சொன்னாள்.

அவள் அறையின் பின்சுவர் மரப்பலகை. அதிலிருந்த இடுக்கு வழியாகப் பாண்டிகசாலைக்குள் பார்க்கலாம். டிசம்பரில் ஒருநாள் அப்படிப் பார்த்தாள். எப்போதும் இருட்டாயிருக்கும் தரையில் வெயில் பெரிய சதுரமாக விழுந்திருந்தது. புதிதாக ஓடு போயிருக்கிறது. வீரபாண்டி களமசேரியில் இருக்கிறான். பிறகு யார்?

அன்று வீட்டில் அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தங்கையா என்னவென்று கேட்டார். சொன்னாள்.

"ஹர்த்தாலுக்கு மறுநாள்தானே நீ எப்பவும் இதைச் சொல்றே," என்றார் அவர், மீனில் முள்ளெடுத்துக்கொண்டே. "போன தடவையும் ஹர்த்தால் கழிஞ்சுதான் தராசுக்கடை ஓடு போச்சுன்னே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சந்தனமாரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஹர்த்தால் என்றால் கொச்சியில் கடை கிடையாது, பஸ் கிடையாது, போட்டும் ஓடாது. அவளும் கடை திறப்பதில்லை. பஜார் ரோட்டில் பார்க்கிறதற்கு ஒரு கண்கூட இருக்காது.

ஜனவரியில் அடுத்த ஹர்த்தால் வந்தது. காலையில் வெளிச்சம் வந்ததும் நடந்தே போய், கடைக்குள் ஏறிப் பலகைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள். "யாராவது வந்தா நீ என்ன செய்வே?" என்று தங்கையா கேட்டதற்கு, "வந்தாப் பாப்போம்" என்று சொல்லியிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் காயல் பக்கம் துடுப்புச் சத்தம் கேட்டது. பின்கதவின் பூட்டு திறந்தது. யாரும் உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்தார்கள். ஏணியோடு இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குடையோடு வெங்கிட்டு.

ஓட்டைத் திருடி விற்கிறார் கிழவர் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் மலையாளத்தில் அந்த ஆட்களிடம் சொன்னதைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மற்ற எல்லாரும் ஒழிந்தாயிற்று, இனி அந்தச் சாயாக்கடைக்கு மேலே இருப்பதை எடுத்தால் போதும் என்றார்.

தலைக்கு மேல் ஓடு நகர்ந்தது. ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. வெயில் அவள் மடியில் வந்து விழுந்தது. ஓடு எடுத்தவன் ஓட்டை வழியாகக் கீழே குனிந்து பார்த்தான். இருட்டுக்குள் ஒரு பொம்பளை அண்ணாந்து தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் "எண்டம்மே!" என்று அலறி ஓட்டைக் கைவிட்டான். அது அவள் காலடியில் விழுந்து சிதறியது.

சந்தனமாரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வெங்கிட்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடிவந்தவர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ என்னத்துக்கு இன்னிக்கு வந்தே?"

"சாமி என்னத்துக்கு வந்தீங்களோ, அதைப் பாக்கத்தான்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நேக்கு இதுல ஒரு லாபமும் இல்லை, கேட்டியா. பம்பாய்லேந்து சொல்றா, நான் செய்யறேன். இடிஞ்சு விழற கட்டடம்னு கார்ப்பரேஷன் சொல்லிட்டா வாடகைக்கு இருக்கறவா ஒழிஞ்சே ஆகணும். அப்பறம் ஹோட்டலுக்குக் கொடுத்துடுவா. அடுத்த வாரம் இஞ்சினீயர் வரார். நீ பிடிவாதம் பிடிச்சா நோக்குத்தான் கஷ்டம்."

"அப்போ வீரபாண்டி?"

வெங்கிட்டு குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாளே சந்தனமாரி கலூரில் பஸ் மாறிக் களமசேரிக்குப் போனாள். ஒரு ஃபாக்டரி கேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான் வீரபாண்டி. அவளைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நின்றான். அவள் எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த வாரம் இஞ்சினீயர் வரும்போது அங்கே வந்து நிற்கும்படி கேட்டாள்.

"உங்களை யாரு அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பலைடா. நானே வந்தேன்."

"அன்னைக்கு நீங்க என்னை நம்பலை. இன்னைக்கு நான் உங்களை நம்பணுமா? அங்க வந்தப்புறம் திரும்பப் பிடிச்சுக் கொடுத்தா?"

"நம்ப வேண்டாம்," என்றாள் சந்தனமாரி. "நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். யூனியன்காரங்களையும் கூட்டிட்டு வா."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "அந்த ஓடு அவர் தந்ததுதான் அக்கா. வீடு ஒழுகுதுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். பழசு கிடக்கு, எடுத்துக்கோன்னு கூப்பிட்டுத் தந்தார். நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "என்னை மன்னிச்சிரு" என்று சொன்னாள். வரேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை. திரும்பி வேலைக்குப் போய்விட்டான்.

இஞ்சினீயர் வந்த அன்று காலையில் அவள் அடுப்பு மூட்டிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கிட்டு வந்தார். இஞ்சினீயரை உள்ளே அழைத்துப்போய் அண்ணாந்து கை காட்டிப் பேசினார். அப்போதுதான் மூலையில் ஒரு கூட்டம் திரும்பியது. பழைய சுமைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், நடுவில் வீரபாண்டி.

சந்தனமாரி இஞ்சினீயர் முன்னால் போய்த் தான் கண்டதைச் சொன்னாள். வீரபாண்டி ஓடு தன் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொன்னான். இஞ்சினீயர் வெங்கிட்டுவிடம் திரும்பி, "இது உண்மையா?" என்று கேட்டார்.

இவர் பொய்தான் சொல்வார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெங்கிட்டு வீரபாண்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வாஸ்தவம்தான்" என்றார்.

மனசாட்சி உறுத்திச் சொன்னாரா, இல்லை சுற்றி நின்ற ஆட்களுக்குப் பயந்து சொன்னாரா என்பது சந்தனமாரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதன்பிறகு அவரை மட்டாஞ்சேரியில் யாரும் பார்க்கவில்லை. பாலக்காட்டில் மகனோடு இருப்பதாகச் சொன்னார்கள். கட்டடம் அபாயமானது என்று கார்ப்பரேஷன் சொல்லவில்லை. பம்பாய்க்காரர்கள் வேறு ஒருவரை அனுப்பிக் கூரையைப் போட்டார்கள். வேலை நடந்த நாளெல்லாம் அவள் ரோட்டில் நின்று ஒவ்வொரு ஓடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன கடைக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை. வரிசையில் அவள் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. பக்கத்தில் பழைய யூதத் தெருவான ஜூ டவுனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வழிதவறி வந்து சாயா குடித்தார்கள். வியாபாரம் சுமார்தான். ஆனாலும் மூடவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து வீரபாண்டி சொல்லியனுப்பினான். அம்பிளிக்குப் பெண்குழந்தை, பெயர் வைக்கிறோம், அக்கா வரணும் என்று. எத்தனையோ பேர் இருக்க நம்மை ஏன் கூப்பிடுகிறான் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் தங்கையாவை நச்சரித்தாள். "நாலு பேர் முன்னாடி எதையாவது கேட்டு அவமானப்படுத்தத்தான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் கூட்டமாயிருந்தது. அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே தயங்கி நின்றாள். அம்பிளிதான் முதலில் பார்த்தாள். எழுந்து வந்து, துணியில் சுற்றியிருந்த குழந்தையைச் சந்தனமாரியின் கையில் வைத்துவிட்டு, தங்கையாவுக்கு நாற்காலி எடுக்கப் போனாள்.