மான் கொண்டுபோன மதியச் சாப்பாடு

சில ஆண்டுகளுக்கு முன், திருகோணமலை நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பத்திரிகை நிருபராக வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குத் தமிழ் படித்தேன். இலக்கியத் திறனாய்வுப் பாடத்தில் ஏற்கனவே ஒரு முறை சறுக்கியிருந்தேன். யதார்த்தவாதம், கற்பனையும் உணர்ச்சியும் மேலோங்கும் மனோரதியவாதம், கதைப்பின்னல் எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் மனப்பாடம். ஆனால், ஒரு கதையைத் தந்து விளக்கச் சொன்னால் பேனா நகராது. இந்த முறையும் தவறினால் படிப்பை விட்டுவிடுவதென்று இருந்தேன்.

வகுப்பில் நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டு: கிண்ணியாவிலிருந்து வரும் ஆசிரியை, கந்தளாயில் அரச அலுவலகமொன்றில் கோப்பு எழுதும் எழுதுவினைஞர், நான். வாரம் ஒருவர் மூவருக்கும் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். அன்று ஆசிரியையின் முறை. கடற்கரைச் சுவரில் பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனோம். இங்கே மான்கள் ஆடுமாடுகளைப் போல ஊருக்குள் திரியும்; யாரும் பொருட்படுத்துவதில்லை. திரும்பி வந்தபோது ஓர் ஆண்மான் பைக்குள் தலையை விட்டிருந்தது. நாங்கள் கத்த, அது மிரண்டு நிமிர, பையின் பிடி கொம்பில் மாட்டிக்கொண்டது. எங்கள் சோற்றோடு அது தெருவில் பாய்ந்தது. துரத்திப் பார்த்தோம், பயனில்லை.

வகுப்புக்குப் பிந்திப் போனோம். விரிவுரையாளர் காரணம் கேட்டார்.

"மான் ஒண்டு எங்கட சாப்பாட்டுப் பையைக் கொம்பில கொழுவிக்கொண்டு ஓடிட்டுது, சேர்" என்றேன்.

"சரி, இருங்கோ" என்றார். அவ்வளவுதான்.

ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "இப்படியா புள்ள செல்லுற?" என்று என்னைத் தள்ளிவிட்டுத் தொடங்கினார். விடியுமுன் எழும்பியது, தேங்காய் திருவியது, கத்தரிக்காய் பொரித்தது. "மனுசன் ஒரு துண்டு கேட்டாரு சேர். கையில தட்டிப்போட்டன். மானுக்குத்தான் போகுமெண்டு தெரிஞ்சா அவருக்கே குடுத்திருப்பன்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மான் வரப்போவது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்து காத்திருந்தார்கள்.

எழுதுவினைஞர் இடையில் புகுந்தார். "அந்த மான்ட கண்ணைப் பாத்தீங்களா சேர்? காட்டைப் பிரிஞ்ச சோகம்..."

"சோகமோ? கத்தரிக்காய் திண்ட திமிர்!" என்றார் ஆசிரியை.

எனக்குள் ஏதோ சட்டென்று திறந்தது. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "சேர், அண்ணை சொன்னது மனோரதியம்! டீச்சர் சொன்னது யதார்த்தம்! நடந்தது ஒண்டுதான். எங்க தொடங்குறது, எதைச் சொல்லாமக் கடைசிவரை பிடிச்சு வைக்கிறது எண்டதுதான் கதைப்பின்னல்!"

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்கள் சொன்னது?"

"செய்தி, சேர்."

அவரே முதலில் சிரித்தார். பசியில் வயிறு இரைந்தது. ஆனால் அன்று மாலைவரை எங்களால் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

அந்த முறை பரீட்சையில் பேனா நிற்கவேயில்லை, சித்தியடைந்தேன். முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடும் தொழில்தான் இன்றும் என்னுடையது. ஆனாலும், முடிவு தெரிந்த பிறகும் ஒரு வகுப்பையே காத்திருக்க வைத்த அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து, எந்தச் சம்பவத்தையும் 'நடந்தது இவ்வளவுதான்' என்று என்னால் மூடிவைக்க முடிவதில்லை.